மூழ்க விடும் உரிமை

1

உடைமை என்றதும் நமக்கு நிலம்தான் ஞாபகம் வருகிறது. பட்டா, எல்லைக்கல், வேலி, வாரிசு, வழக்கு என்ற இந்த வரிசையில்தான் நம் சட்டமும் நம் நாவல்களும் உடைமையை யோசித்து வந்திருக்கின்றன. நிலத்துக்கு ஒரு குணம் உண்டு. உடையவன் பினாங்குக்குப் போய் முப்பது வருஷம் கழித்துத் திரும்பினாலும் அது அங்கேயே கிடக்கும். முள் மண்டியிருக்கலாம், பங்காளி வரப்பை ஒரு முழம் நகர்த்தியிருக்கலாம். நிலம் நிலமாகவே இருக்கும். உடையவனின் கவனத்தை எதிர்பார்க்காத ஒரு பொருளை மாதிரியாக வைத்துக்கொண்டு சிந்தித்ததால், உடைமை என்பது பிறரை விலக்கி நிறுத்தும் உரிமை என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தோம். வேலி அதன் முழு வடிவம்.

நிலத்துக்குப் பதிலாக ஓர் ஓடத்தை மாதிரியாக வைத்துக்கொண்டால் இந்த முடிவு நிற்காது. கவனிக்காத நாளிலெல்லாம் ஓடம் கெடுகிறது. அதற்கு வேலி போட முடியாது, போட்டாலும் பயனில்லை. திருடன் வருவதற்கு முன்னால் தண்ணீர் வந்துவிடும். ஓடத்தை உடையவன், அதைத் தொடர்ந்து பழுது பார்த்துக்கொண்டிருப்பதன் மூலம் மட்டுமே அதை உடையவனாக நீடிக்கிறான். பத்திரம் கையில் இருந்து ஓடம் ஆற்றடியில் கிடந்தால் அவன் எதற்கு உடையவன்?

இதிலிருந்து ஒரு பழைய கேள்வி புதிதாக எழுகிறது. காப்பவன்தான் உடையவனா? அல்லது உடையவன் யாரோ, காப்பவன் யாரோ என்று இருப்பதுதான் உலக இயல்பா? அப்படியென்றால் அந்த இயல்பில் நியாயம் எங்கே இருக்கிறது?

2

காவிரியும் கொள்ளிடமும் முக்கொம்பில் பிரிந்து கல்லணைக்கருகே மறுபடி நெருங்குகின்றன. இடையில் கிடக்கிறது ஸ்ரீரங்கம். இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் ஊருக்குப் பாலம் வருவதற்கு முன்னால் ஓடமும் பரிசலும்தான் பாதை. இன்று பரிசல் பெரும்பாலும் மீன் பிடிப்பவர்களிடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதுவும் கண்ணாடி இழையில் வார்த்தெடுத்த பரிசலாக மாறிவருகிறது.

மூங்கில் பரிசலின் அமைப்பு எளிமையானது. மூங்கிலைப் பிளந்து தப்பைகளாக்கி, வட்டமாகப் பரப்பிப் பின்னி, விளிம்பை வளைத்துக் கட்ட வேண்டும். முன்பு இதன்மேல் தோல் போர்த்தினார்கள். பிறகு சாக்கு வந்தது, அதன்பின் பிளாஸ்டிக் சாக்கும் தார்ப்பாயும். மேலே உருக்கிய தார். ஆறேழு அடி குறுக்களவு, முன்னும் பின்னும் கிடையாது, ஒரே துடுப்பு. வேலை முடிந்ததும் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். வெயிலில் விட்டால் மூங்கில் வெடிக்கும். ஈரத்திலேயே விட்டால் கட்டு அழுகும். தார் விரிந்தால் நீர் கசியும். எனவே பரிசல் வைத்திருப்பவனின் வருஷம் ஆற்றின் வருஷத்தோடு பிணைந்து கிடக்கிறது. மேட்டூர் அணை பாசனத்துக்கு ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது என்பது வழக்கமான கணக்கு. அந்தக் கணக்கு தவறாத வருஷத்தில் இடைப்பட்ட வறண்ட மாதங்கள் தார் பூசும் காலம். கணக்கு தவறும் வருஷத்தில் தாருக்குப் பணமும் இருக்காது, தேவையும் இருக்காது.

அம்மா மண்டபத்துக்கு மேற்கே கரையில் பரிசலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்த ஒருவரிடம், “இது உங்களுதா?” என்று கேட்டேன். நிமிராமலே, “பரிசல் நம்மளுதுதான் சார். தண்ணிதான் நம்மளுது இல்ல” என்றார். உடைமையைப் பற்றி இதைவிடக் கறாரான வாக்கியத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. தாங்கிக்கொள்ளும் பொருள் தன்னுடையது, அந்தப் பொருளைத் தாங்கும் பொருள் தன்னுடையது இல்லை என்ற பேதம் அதில் இருக்கிறது. நிலத்தை வைத்து யோசிப்பவனுக்கு இந்தப் பேதம் தோன்றவே தோன்றாது. அவன் நிற்குமிடமும் அவன் உடைமையும் ஒன்றுதான்.

தண்ணீர் யாருடையது என்பதற்கு அரசாங்கம் நெடுநாளைக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. கால்வாய்களையும் பொதுப் படகுத் துறைகளையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது 1890-ஆம் வருஷத்து மதராஸ் சட்டம். படகுக்கு லைசென்ஸ், போக்குக்குச் சுங்கம், துறைக்குக் குத்தகை. பின்னால் பரிசல் துறையை ஏலம் விடுவது ஊராட்சிகளின் வழக்கமாயிற்று. ஏலம் எடுத்தவன் ஒருவன், பரிசலுக்குச் சொந்தக்காரன் ஒருவன், துடுப்புப் போடுகிறவன் ஒருவன், தார் பூசுகிறவன் இன்னொருவன் என்று நாலு பேராக இருப்பது சாத்தியம். நாலு பேரும் ஒரே வட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பதாகத்தான் பயணிக்குத் தெரியும்.

3

இந்தப் பிரச்னையை இன்னொரு கோடியிலிருந்து பார்க்க இங்கிலாந்து உதவும். அங்கே 1760களில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர், நாட்டின் நடுப்பகுதிக் கால்வாய்களின் லாக்குகளை ஏழடி அகலத்துக்குக் கட்டத் தொடங்கினார். செலவும் தண்ணீரும் மிச்சம் என்பது காரணம். அதன் விளைவாக ஏழடிக்குச் சற்றே குறைந்த அகலமும் எழுபது அடிக்கு மேல் நீளமும் கொண்ட ஒரு விசித்திரமான படகு பிறந்தது. நாரோ போட் என்றார்கள். நம் பரிசலின் குறுக்களவுதான் அதன் அகலம். நீளம் மட்டும் ரயில் பெட்டி. குதிரை இழுக்க, நிலக்கரியும் களிமண்ணும் ஏற்றிக்கொண்டு போயிற்று. ரயில் வந்து கூலி விழுந்தபோது, கரையில் வாடகை கொடுக்க முடியாத படகோட்டிகளின் குடும்பங்கள் அந்தப் படகின் பின்மூலையில் இருந்த ஒரு சின்ன அறைக்குள் குடியேறின. பிள்ளை பெற்றதும் சமைத்ததும் அங்கேதான். பித்தளையைத் தேய்த்து மினுக்கியதும் கதவில் ரோஜாவும் கோட்டையும் வரைந்ததும் அவர்கள்தான். படகு பெரும்பாலும் கம்பெனியுடையது. சொந்தப் படகு வைத்திருந்த சிலருக்குத் தனிப் பெயரே இருந்தது – ‘நம்பர் ஒன்’.

அந்த உலகம் அழிந்துகொண்டிருந்தபோது, 1939-இல் எல்.டி.ஸி. ரோல்ட் என்ற எழுத்தாளர் ‘க்ரெஸ்ஸி’ என்ற மரப்படகில் மனைவியோடு குடியேறினார். 1944-இல் வந்த அவருடைய புத்தகமும், 1946-இல் அவர் நண்பர்களோடு தொடங்கிய சங்கமும் பாழாகிக் கிடந்த கால்வாய்களைக் காக்கும் இயக்கத்துக்கு விதையாயின. கால்வாய்கள் 1948-இல் தேசவுடைமையாயின. 2012-இல் ஓர் அறக்கட்டளையின் கைக்கு மாறின. இன்று ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் படகுகளை வாங்கி வைத்திருக்கிறார்கள். பலர் அதிலேயே வசிக்கிறார்கள். உடல் இப்போது எஃகு. இரண்டு மூன்று வருஷத்துக்கொரு முறை தண்ணீரைவிட்டு மேலே ஏற்றி, பாசியைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, கறுப்புத் தார்ச்சாந்து பூசுகிறார்கள். நாலு வருஷத்துக்கொரு முறை பாதுகாப்புச் சான்றிதழ். வருஷா வருஷம் லைசென்ஸ். கட்டுத்துறை இல்லாதவன், 1995-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது. வீட்டை உடையவன் வீட்டோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

அம்மா மண்டபத்துக்காரர் சொன்ன வாக்கியம் அங்கேயும் செல்லும். படகு அவனுடையது, தண்ணீர் அவனுடையது இல்லை. தாரும் ஒன்றுதான். ஆனால் இந்த ஒற்றுமையில் மயங்கிவிடக் கூடாது. ஒருவர் தார் பூசாவிட்டால் நாளைக்கு மீன் இல்லை. இன்னொருவருக்கு அவர் தேர்ந்தெடுத்த வாழ்க்கையின் ஒரு சடங்கு அது. பழைய படகோட்டியின் பெண்டாட்டி மினுக்கிய பித்தளைக்கும், ஓய்வு பெற்ற பேராசிரியர் இன்று மினுக்கும் பித்தளைக்கும் இடையில் ஒரு வர்க்கமே அழிந்துபோயிருக்கிறது. பராமரிப்பைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் – மேற்கில் இப்போது இவர்கள் அதிகம் – இந்த இடத்தைச் சற்று வேகமாகக் கடந்துவிடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

4

தத்துவவாதிகளுக்கு ஓடத்தின்மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. தீஸியஸின் கப்பலைப் பலகை பலகையாக மாற்றிக்கொண்டே வந்தால் அது அதே கப்பல்தானா என்று ஆதென்ஸில் தர்க்கம் செய்ததாகப் புளூடார்க் எழுதிவைத்தார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் என்ன ஆகும் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் சிக்கலைக் கூட்டினார். சாமர்த்தியமான கேள்விகள். ஆனால் இவை கரையில் நின்று பார்க்கிறவனின் கேள்விகள். பலகை மாற்றுகிறவனுக்கு இந்தச் சந்தேகம் எழுவதில்லை. நேற்றுப் பிடித்த கசிவு இன்று நிற்கிறதா என்பதே அவன் விசாரம். பொருளின் அடையாளம் அவனுக்கு ஒரு புதிராகத் தெரியாமல், செய்து முடிக்க வேண்டிய வேலையாகத் தெரிகிறது. கரையேற்றிச் செப்பனிடச் சந்தர்ப்பமே இல்லாமல், நடுக்கடலிலேயே கப்பலைத் திருத்திக் கட்டிக்கொண்டிருக்கும் மாலுமிகளாக நம் அறிவைக் கண்ட ஆட்டோ நியூராத், தார் பூசுகிறவனுக்குச் சற்று அருகில் வருகிறார்.

லாக் வேறு விதம். இயற்கையில் கிடக்கும் பொருளோடு என் உழைப்பைக் கலந்தால் அது என்னுடையதாகிறது என்பது 1689-இல் அவர் சொன்ன நியாயம். நல்லது. ஆனால் அவர் மனதிலிருந்த உழைப்பு முதல் உழைப்பு: காட்டை வெட்டுவது, கனியைப் பறிப்பது. நூறாவது உழைப்பைப் பற்றி அவர் அதிகம் கவலைப்படவில்லை. பரிசலைப் பின்னியவன் ஒருநாள் உழைத்தான், பத்து வருஷம் தார் பூசியவன் பத்து வருஷம் உழைத்தான். உழைப்புதான் உரிமையைத் தருமானால் கணக்கு யார் பக்கம் சாயும்?

ஹன்னா அரென்ட் 1958-இல் இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தார். மனிதச் செயலை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். அவற்றில், நிலைத்து நிற்கும் பொருளைச் செய்வது ஒன்று. சமைப்பது, துடைப்பது, பெருக்குவது போல, முடிந்த கணத்திலேயே கரைந்து மறுநாள் முதலிலிருந்து தொடங்கும் பாடு இன்னொன்று. செய்பவனுக்கு ஒரு பெயர் மிஞ்சுகிறது. பாடுபடுகிறவனுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. இந்தப் பிரிவினை கூர்மையானது. ஆனால் ஓடத்தின் முன்னால் இது தடுமாறுகிறது. நிலைத்து நிற்கும் பொருள், கரைந்துபோகும் பாட்டினால் மட்டுமே நிலைத்து நிற்கிறது. பாடு நின்ற வருஷத்தோடு பொருளும் நிற்கும். ஆக, செய்ததன் நிலைபேறு என்று நாம் கொண்டாடுவதெல்லாம் பெயர் மிஞ்சாதவர்களின் நாட்கூலிக் கணக்குதான். கல்லணைக்குக் கரிகாலன் பெயர் இருக்கிறது. அதன் மணற்போக்கிகளை ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் தூர் எடுத்தவர்களுக்கு எந்தப் பெயரும் இல்லை.

நம் பக்கத்தில் ஓடம் கடப்பதற்கான உருவகமாகவே நின்றுவிட்டது. பிறவிக்கடல், தோணி, தெப்பம், அக்கரை. மஜ்ஜிம நிகாயத்தில் புத்தர் சொல்லும் தெப்பக் கதை இதன் உச்சம். புல்லும் சுள்ளியும் கட்டித் தெப்பம் செய்து அக்கரை சேர்ந்தவன், நன்றி மிகுதியால் அதைத் தலையில் சுமந்துகொண்டு திரிவானா? கரையில் ஏற்றிவைத்துவிட்டோ, நீரில் மிதக்கவிட்டுவிட்டோ தன் வழி போவான். தர்மமும் அப்படித்தான் என்கிறது கதை. இங்கே எனக்கு உறுத்துவது அந்த ‘ஓ’ இடைச்சொல். கரையில் ஏற்றிவைப்பதும் மிதக்க விடுவதும் ஒன்றா? கடந்தவனுக்கு ஒன்றுதான். அடுத்து வருகிறவனுக்கு ஒன்றில்லை.

5

ஸ்ரீரங்கத்தில் ‘உடையவர்’ என்றால் ஒருவர்தான். உபய விபூதிக்கும் உடையவர் என்று பெரிய பெருமாளே அளித்த பெயர் என்பது சம்பிரதாயம். கோயில் ஊழியத்தைக் கொத்துக் கொத்தாக வகுத்து, யாருக்கு என்ன வேலை, எந்த வேளை என்று திட்டம் செய்தவர் ராமானுஜர் என்று கோயிலொழுகு சொல்கிறது. உடைமை என்பதை நிர்வாகமாக, அன்றாட ஒழுங்காகக் கண்ட ஒருவருக்கு ‘உடையவர்’ என்ற பெயர் வாய்த்தது தற்செயல் என்று தோன்றவில்லை.

ஸ்ரீபாஷ்யத்தில் அவர் உடல் என்பதற்குத் தரும் இலக்கணம் இங்கே முக்கியம். ஒரு சேதனனால் எது முழுதும் தாங்கப்பட்டும் நியமிக்கப்பட்டும் இருக்கிறதோ, அவனுக்காகவே இருப்பதைத் தன் இயல்பாகக் கொண்டிருக்கிறதோ, அது அவனுக்கு உடல். தாங்குவது, நடத்துவது, அவனுக்கென்றிருப்பது என்று மூன்று அம்சங்கள். உடைமைக்கும் இதைவிட நல்ல இலக்கணம் கிடைப்பது கடினம். லாக்கின் விலக்கும் உரிமை இதில் எங்கும் இல்லை. தாங்குவது முதலில் நிற்கிறது. தாங்காதவன் உடையவன் இல்லை.

ஸ்ரீரங்கத்து மூலவர் சிலை கல்லில் வடித்ததில்லை, சுதை. திருமஞ்சனம் செய்ய முடியாது, கரையும். ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டித் திருமேனிக்குத் தைலக்காப்பு நடக்கிறது. பிறகு ஏறத்தாழ 48 நாள் திருமுகம் மட்டுமே சேவை, திருவடி தெரியாது. ராமானுஜரின் சன்னிதியில் இருப்பது அவருடைய திருமேனியே என்பது சம்பிரதாயம். அதற்கும் வருஷத்தில் இருமுறை பச்சைக்கற்பூரமும் குங்குமப்பூவும் சேர்ந்த காப்பு உண்டு. காப்பு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கையில் அணிவதும் காப்பு, காவலும் காப்பு, மேலே பூசுவதும் காப்பு. நீரில் கரையக்கூடிய ஒன்றைக் கரையாமல் வைத்திருக்கும் பூச்சு. பரிசலின் தாருக்கும் இந்தத் தைலத்துக்கும் காரியத்தில் பேதமில்லை. உலகைத் தாங்குகிறவர் என்று சொல்லப்படுகிறவரையும் தாங்க வேண்டியிருக்கிறது. ஓடத்தில் உட்கார்ந்திருப்பவன் நிலையும் இதுதான். ஓடம் அவனைத் தாங்குகிறது. அவன் ஓடத்தைத் தாங்குகிறான். ராமானுஜரின் இலக்கணத்தை ஓடம் இரண்டு பக்கமும் ஓடவைத்துவிடுகிறது. உடையவன் யார், உடைமை எது என்பது இந்த இடத்தில் மங்கிப்போகிறது.

இதை எழுதியவுடன் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சந்தோஷத்தை நம்புவதற்கில்லை. தைலக்காப்பு செய்யும் கைக்குக் கிடைக்கும் மரியாதை ஒன்று. தார் பூசும் கைக்குக் கிடைப்பது வேறு. இரண்டும் காப்புதான் என்று கட்டுரை எழுதுவதால் அந்த வித்தியாசம் ஓரங்குலமும் குறைந்துவிடாது.

6

திருச்சி நகரத்தின் நடுவில் ஒரு கால்வாய் ஓடுகிறது. பேட்டைவாய்த்தலையில் காவிரியின் வலக்கரையிலிருந்து பிரிந்து, ஊரைக் குறுக்கே கடந்து, கிழக்கே வாழவந்தான்கோட்டை ஏரி நோக்கிப் போகும் உய்யக்கொண்டான். ராஜராஜனின் பட்டப்பெயர்களில் ஒன்று அது. ஆயிரம் வருஷத்துக் கால்வாய் என்கிறோம். ஆயிரம் வருஷமும் அதில் மண் படிந்தது, ஆயிரம் வருஷமும் யாரோ மண் அள்ளினார்கள் என்பதுதான் அதன் அர்த்தம். அந்த யாரோவைக் குடிமராமத்து என்ற அழகான சொல் மூடி வைத்திருக்கிறது. ஊர் கூடி, தன் நீரைத் தானே காத்த பொற்காலம் என்று பலர் இதைப் பாடுகிறார்கள். 2017-இல் தமிழக அரசு இந்தப் பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கியது. ஆனால் 1858-இல் இந்த வழக்கத்தைச் சட்டமாக்கிய கம்பெனி அரசாங்கம் அதற்கு வைத்த பெயரில் மூடுதிரை எதுவும் இல்லை: மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம். ஊர் கூடியது என்றால் ஊரில் யார் சேற்றில் இறங்கினார்கள், யார் கரையில் நின்று கணக்கெழுதினார்கள்? பதில் நமக்குத் தெரியும். நிலத்துக்கு உடையவன் தலைமடையில் நின்றான். கால்வாயைக் காத்தவனுக்கு அந்த நீர் பாயும் ஒரு குழி நிலமும் பல ஊர்களில் கிடையாது.

கால்வாய் வெட்டிய கதையும் வேறில்லை. 1806-இல் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை தொடங்கியது, பின்னால் நீண்டு நீண்டு, 1876–78 பஞ்சத்தில் பட்டினிக்காரர்களின் உழைப்பால் நகருக்குள் இணைக்கப்பட்டு, அன்றைய கவர்னர் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாயாயிற்று. பஞ்ச நிவாரண வேலைக்கு ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877-இல் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்திருந்தார். அந்தக் கால்வாயில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் பல தலைமுறைகள் ஓடின. பிறகு ரயில், சாலை, 1960களின் புயல், சாக்கடை. அதற்கும் பிறகு கால்வாயின் உள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்கள். 2008-இல் அதைத் தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள். சென்னையில் ‘லாக் நகர்’ என்ற பெயர் மிச்சமிருக்கிறது.

முக்கொம்பு இன்னும் அருகில் இருக்கிறது. தாழ்ந்து நேராக ஓடும் கொள்ளிடம் காவிரியின் நீரை உறிஞ்சிக்கொண்டிருந்ததைத் தடுக்க, ஆர்தர் காட்டன் 1836-இல் அங்கே மேலணையைக் கட்டினார். ரயிலைவிடப் படகுக் கால்வாய்களே இந்தியாவுக்கு ஏற்றவை என்று பின்னாளில் வாழ்நாள் முழுதும் வாதாடிய மனிதர் அவர். 182 வருஷம் நின்ற அந்த அமைப்பில் 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடப் பக்கத்து மதகுகளில் ஒன்பது இடிந்து போயின. அதே மாதத்தில்தான், 2016-லேயே போக்குவரத்து நிறுத்தப்பட்டுவிட்ட கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூணும் சரிந்தது. மணல் அள்ளியதால் என்றார்கள், வயதானதால் என்றார்கள். புதிய கதவணை கட்டியாகிவிட்டது. யாரும் இடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கவில்லை. இருக்கட்டும் என்றும் யாரும் தீர்மானித்திருக்கவில்லை.

7

இப்போது நான் சொல்ல வருவதைச் சொல்லிவிடலாம். உடைமையின் உரைகல்லாக விலக்கும் உரிமையையோ தாங்கும் கடமையையோ வைப்பதைவிட, மூழ்க விடும் உரிமையை வைப்பது தெளிவு தரும் என்று நினைக்கிறேன். ரோல்ட் 1951-இல் தன் படகை விட்டார். அதன் மர உடல் அதற்குள் பழுதாகியிருந்தது. பன்னிரண்டு வருஷம் அவர் அதைக் காத்ததன் அர்த்தம், போதும் என்று சொல்ல முடிந்த அந்த நாளில்தான் முழுமை பெறுகிறது. அம்மா மண்டபத்துக்காரரும் ஒருநாள் இனி தார் வேண்டாம் என்று தீர்மானித்துப் பரிசலை எரித்துக் குளிர் காயலாம். நஷ்டம் அவருடையது, தீர்மானமும் அவருடையது. விட முடிகிறவன் விடாமல் காப்பதற்குத்தான் அறம் என்று பெயர் வைக்க முடியும். விட முடியாதவன் காப்பது ஊழியம். அதைப் புகழ்வது அவனுக்குச் செய்யும் துரோகம்.

கால்வாய்க்கு இந்த உரிமை செல்லாது. அதை மூழ்க விட்டால் முதலில் காய்வது கடைமடை. விட்டவனுக்கு ஒன்றும் ஆகாது. நஷ்டம் தனக்கு வராத இடத்தில் மூழ்க விடும் உரிமையும் தனக்கில்லை. ஆகவே கால்வாயை யாரும் உடைமையாக்க முடியாது. அரசாங்கமும் அதற்கு உடையவன் ஆகாது, காவலாளிதான். இங்கே ஒரு சிக்கல் முளைக்கிறது. பொருளை விடக் கூடாது, ஆனால் எந்த மனிதனையும் அதோடு கட்டிப்போடவும் கூடாது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? நம் முன்னோர் பொருளைக் காத்தார்கள், அதற்காகச் சிலரைப் பிறப்பால் கட்டிப்போட்டார்கள். நாம் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு பொருளை விட்டுவிட்டோம். அவிழ்த்தோமா என்பதும் சந்தேகம்தான். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் மறுபடி இயற்ற வேண்டியிருந்தது. நகரத்துச் சாக்கடை கலக்கும் ஒரு கால்வாயில் இன்று இயந்திரம் எட்டாத மூலைக்கு யார் இறங்குகிறார்கள் என்று கரையில் நின்று பார்த்தால் போதும்.

பாசனக்காரர்களிடம் ‘முறை’ என்றொரு சொல் இருக்கிறது. தண்ணீர் விடுவதற்கு முறை வைப்பார்கள்: இன்று உனக்கு, நாளைக்கு எனக்கு. தண்ணீருக்கு முறை வைத்தவர்கள் சேற்றுக்கு முறை வைக்கவில்லை. பொதுப்பொருளின் பராமரிப்பு நியாயமாக வேண்டுமானால் சேற்றுக்கும் முறை வைக்க வேண்டும். அல்லது, மறுக்க முடிந்தவனும் இறங்கச் சம்மதிக்கும் அளவுக்குக் கூலி வைக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் மரபைப் போற்றுவது கரையில் நிற்பவனின் அழகியல்.

மாசியில் தெப்பம் வருகிறது. இப்போதெல்லாம் பெரும்பாலான கோயில்களில் காலி டிரம்களையும் மூங்கிலையும் கட்டைகளையும் பிணைத்துத் தெப்பம் கட்டுகிறார்கள். விளக்கும் நாயனமுமாக மைய மண்டபத்தைச் சுற்றி வரும். பிறகு பிரித்துவிடுவார்கள். டிரம் ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம். அதை யாரும் மூழ்க விடுவதும் இல்லை, தலையில் சுமப்பதும் இல்லை. அடுத்த வருஷம் மறுபடி கட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெப்பத்துக்கு நாள் குறித்துக் கொடுக்கத் தெரிந்த ஊர், கால்வாய்க்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. குறிக்கும்போது, கட்டுகிறவர்களின் பெயர்ப்பட்டியல் சென்ற வருஷத்துப் பட்டியலாகவே இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.